நாலு மணி நேரத் தூரம்

உ
கோட்டை, திருவனந்தபுரம்
4.5.2025

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு,

அக்கா ஜெயலக்ஷ்மி ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம். ஷார்ஜா வெயிலில் நீயும் ஸ்மிதாவும் கௌசிக்கும் எப்படி இருக்கிறீர்கள்? போன வருஷம் உனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களே, அந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதே.

இந்தக் காலத்தில் இவள் ஏன் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். இனிமேல் போன் பண்ணாதே என்று சொல்லத்தான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மா அடம் பிடிக்கிறாள். போட்டேனோ, எழுந்து அறை அறையாகத் தேட ஆரம்பித்துவிடுகிறாள். பீரோவைக்கூடத் திறந்து பார்க்கிறாள். "கொழந்தை குரல் கேட்டுதே, எங்கடீ ஒளிச்சு வெச்சிருக்கே அவனை?" என்று என்னோடு சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை, நீ பேசி முடித்த கால் மணியில் வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டாள். எதிர்வீட்டு ஆஷா பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். போன் மணி அடித்தாலே இப்போது கதவைப் பார்க்கிறாள்.

முப்பத்தேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் பேச வைத்தவள், சொந்தத் தம்பிக்கு இப்போது தபால்தலை ஒட்டுகிறேன். என் தலையெழுத்தைப் பார்.

ஒரு விஷயம் கேட்கிறேன். அங்கே உன் வீட்டுக் கதவைப் பூட்டினதிலிருந்து இங்கே வந்து செருப்பைக் கழற்றுகிற வரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

*

உ
ஷார்ஜா
23.5.2025

அக்காவுக்குப் பிச்சுமணியின் நமஸ்காரம். இங்கே மூவரும் நலம். மாத்திரை விடவில்லை, ஸ்மிதா விட மாட்டாள்.

உன் கடிதம் பதினாறு நாள் பிரயாணம் பண்ணி வந்து சேர்ந்தது. ஏதோ பிளேனில்தான் அதுவும் வந்திருக்கும். அதே வழியில் நான் வந்தால் நாலு மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஐம்பது குறைவு என்று கௌசிக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான்.

நீ கேட்டதற்குக் கணக்கு சொல்கிறேன். வீட்டிலிருந்து ஏர்போர்ட் அரை மணி. மூன்று மணி நேரம் முன்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆகாயத்தில் நாலு, நாலேகால். இறங்கிப் பெட்டி எடுக்க முக்கால் மணி. அங்கிருந்து கோட்டைக்கு இருபது நிமிஷம். ஆக ஒன்பது மணி நேரம். காலையில் இங்கே காபி குடித்தேன் என்றால் விளக்கேற்றும்போது உன் வாசலில் நிற்பேன். ஏதாவது என்றால் சொல்லு, பறந்து வந்துவிட மாட்டேனா? திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருகிறவனுக்கே பாதி நாள் போய்விடுகிறது.

ஆகஸ்டில் லீவு போட்டு வருகிறேன். அதுவரை அம்மாவை வாசல் தாண்ட விடாதே.

அன்புள்ள தம்பி
பிச்சுமணி

*

உ
கோட்டை
14.6.2025

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு ஆசீர்வாதம். மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு ஜுரம், இருமல் ஒன்றுமில்லை. எனக்குத்தான் தொண்டையில் கொஞ்சம் சளி.

ஆகஸ்ட் என்று எழுதியிருந்தாய். தேதியைச் சொல்லிவிடு. பதினெட்டாம் தேதிக்குள் வந்தால் நல்லது. ஒரு மாதமாவது இருக்கிற மாதிரி வா. அம்மாவைக் குளிப்பாட்டுவது, சாதம் பிசைந்து ஊட்டுவது எல்லாம் உனக்குப் பழக வேண்டாமா? நான் எங்கே போகப்போகிறேன் என்று கேட்காதே. மனுஷாளுக்குக் காசி ராமேஸ்வரம் போக ஆசை இருக்காதா?

கொல்லைக் கதவின் கீழ்த் தாழ்ப்பாளை அம்மா திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். மேலே ஒன்று வைத்திருக்கிறேன். அவளுடைய கூன் முதுகுக்கு அது எட்டாது. எனக்கே ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.

உடனே பதில் போடு.
அக்கா

*

உ
ஷார்ஜா
10.7.2025

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். உன் சளி தேவலையா?

திட்டாதே. ஆகஸ்ட் நடக்காது போலிருக்கிறது. கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், சூப்பர்வைசர் லீவு கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். அக்டோபரில் பார்க்கலாம்.

கிடங்கு ஒரு சாக்கு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை வந்தபோது அம்மா என்னைப் பார்த்து, "யாருடி இந்தத் தடியன்? ஏன் உள்ளே வந்து நிக்கறான்? போகச் சொல்லு"ன்னு கத்தினாளே. நீ சிரித்துச் சமாளித்தாய். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போனில் என் குரலைக் கேட்டால் குழந்தை என்று தேடுகிறவள், நேரில் வந்தால் போகச் சொல்கிறாள். இப்படியிருக்க நான் யாரைப் பார்க்க அங்கே வர வேண்டும்?

இன்னொன்று. நாகர்கோவில் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று இருப்பதாக இங்கே ஒருவர் சொன்னார். நீயும் எத்தனை நாள் தனியாகக் கஷ்டப்படுவாய்? யோசித்துப் பார். கோபப்படாமல் யோசி.

பிச்சுமணி

*

உ
கோட்டை
29.7.2025

பிச்சுமணி,

இதில் க்ஷேமம் விசாரிக்கப் போவதில்லை. எனக்குத் தொண்டையில் கான்சர்.

சளி என்று எழுதினது பொய். ஏப்ரலிலேயே குரல் கட்டிவிட்டது. இப்போது காற்று மட்டும்தான் வருகிறது. அம்மா தேடுகிறாள் என்பது சத்தியம். ஆனால் போன் வேண்டாம் என்றது அதற்காக மட்டும் இல்லை. இரண்டு வார்த்தை பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். குரலை வைத்து முப்பத்தேழு வருஷம் சம்பளம் வாங்கினவளுக்குக் குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். எடுத்தபின் மூச்சு கழுத்து வழியாக. பேச்சு கிடையாது. ஆகஸ்ட் இருபது என்று தேதி கொடுத்திருந்தார்கள். நீ வருவாய் என்று சரி சொன்னேன். நேற்றைக்குப் போய்த் தள்ளிப்போடச் சொன்னேன். டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "இது காத்துக்கொண்டிருக்காது, அம்மா" என்றார்.

எனக்குச் சாகப் பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ரொம்பப் பயமாக இருக்கிறது. ராத்திரி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறேன், அவளுக்காக இல்லை.

ஆனால் இதைச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரே வாரத்தில் அம்மாவை நாகர்கோவிலில் கொண்டு விட்டுவிடுவாய். உன் மேல் தப்பில்லை, வேறு வழி இருக்காது. அவள் அங்கே ஒவ்வொரு கதவாகத் தட்டி உன்னைத் தேடுவாள். என்னையும் தேடுவாள். நான் உயிரோடு இருக்கிற வரை அது நடக்கக் கூடாது. உன் நெஞ்சு வேறு

(இது தபாலில் சேர்க்கப்படவில்லை.)

*

உ
கோட்டை
30.7.2025

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு ஆசீர்வாதம். இருவரும் சௌக்கியம்.

முதியோர் இல்லம் பற்றி இனி எழுதாதே. அம்மா இந்த வீட்டில்தான் இருப்பாள். அக்டோபரில் நீ வருவாய் என்று நம்புகிறேன். தேதி நிச்சயமானதும் சொல்லு.

அக்கா

*

உ
கோட்டை
18.9.2025

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு,

ஏழு வாரமாக உன் பதில் இல்லை. கோபமா? நான் கடுமையாக எழுதிவிட்டேனா? ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

எனக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன். முடிச்சு மாதிரி ஏதோ இருக்கிறதாம், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அக்டோபர் முப்பது வியாழக்கிழமை மூன்று மணிக்குள் போய்ப் படுக்க வேண்டும், மறுநாள் காலை ஆபரேஷன். இதை இனித் தள்ள முடியாது. ஆஷா பைஸ்டாண்டராக, அதுதான் ஆஸ்பத்திரித் துணைக்கு, கூட வருகிறாள். "சேச்சி ஒந்நும் பேடிக்கண்டா, ஞானுண்டல்லோ" என்கிறாள். ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு எதிர்வீடு இருக்கிறது. அம்மாவுக்குத்தான் யாருமில்லை. நீ வந்தே ஆக வேண்டும், பிச்சுமணி. இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் ஐப்பசி ஆறாட்டு. சுவாமி சங்குமுகம் கடலில் நீராடக் கிளம்புகிறதற்கு முன்னாலேயே கோட்டைத் தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள். அதனால் நான் இரண்டரைக்கே கிளம்பிவிடுவேன். அதற்கு ஏற்ற மாதிரி வா.

அக்கா

*

உ
ஷார்ஜா
4.10.2025

அக்காவுக்கு அநேக நமஸ்காரம். கோபம் உன்மேல் இல்லை, என்மேல்தான். பேனாவை எடுத்தால் எழுத வரவில்லை.

டிக்கெட் போட்டுவிட்டேன். முந்தின நாளே வரலாமென்று பார்த்தேன். புதன்கிழமை புதுக் கிடங்குச் சாவியை நான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். முப்பதாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு இங்கே ஏறினால் உங்கள் நேரப்படி ஐந்து ஐந்துக்கு இறங்குகிறேன். தெரு அடைத்திருந்தாலும் ஈஞ்சக்கல்லில் இறங்கி நடந்து வந்துவிடுவேன். ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பேன். நீ இரண்டரைக்குப் போனால் நடுவில் நாலு மணி நேரம்கூட இல்லை. அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாளே, அதிலேயே பாதி போய்விடும். ஒரு மாதம் லீவு. குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், போகச் சொன்னால் போகாமல் நிற்கிறேன்.

ஆறாட்டு அன்றைக்கா வருகிறேன்! எத்தனை வருஷமாயிற்று. சின்ன வயதில் அம்மா நம் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வள்ளக்கடவு வரை பின்னாலேயே நடப்பாளே.

தைரியமாக இரு. நான் வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்.
பிச்சுமணி

*

உ
30.10.2025, மத்தியானம் 2.20

பிச்சுமணி, வந்துவிட்டாயா? நல்லது.

அம்மா தூங்குகிறாள். எழுந்தால் முதலில் தண்ணீர் கொடு, பிறகு பேசு. ரசம் சாதம் மூடி வைத்திருக்கிறேன், குழையப் பிசை. டீவியில் பக்திப் பாட்டு ஓடட்டும், நிறுத்தாதே. வாசல் கதவை வெளியே பூட்டி, சாவியை வழக்கம்போல ஆஷா வீட்டு மீட்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன், நீ எடுத்திருப்பாய். கொல்லைக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டாயிற்று. தெருவில் எல்லோரும் ஆறாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆஷாவின் புருஷன் மஹேஷ் டூட்டி முடிந்து எட்டு மணிக்கு வருவார்.

என் போனை இந்தக் காகிதத்தின் மேல் வைத்திருக்கிறேன். எனக்கு அங்கே வேண்டாம், பேசத்தான் முடியாதே. உனக்கு உபயோகப்படும்.

அம்மாவைத் தனியாக விடுவது இதுதான் முதல் தடவை. நாலு மணி நேரம்தானே.

*

கோட்டை
1.11.2025

அக்கா,

இதை உனக்கு இப்போது கொடுக்க முடியாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஷார்ஜா கவுன்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தபோது, பிளேன் நாலு மணிக்குத்தான் கிளம்பும் என்றாள் அந்தப் பெண். திருவனந்தபுரத்தில் ரன்வே மூடியிருக்கும், கோயில் ஊர்வலம் குறுக்கே போகிறதாம், மூன்று வாரம் முன்னாலேயே மெயில் அனுப்பினோம், பார்க்கவில்லையா சார் என்றாள். எனக்குச் சொல்கிறாள், அக்கா! பள்ளிக்கூடத்தில் நாம் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்போம், எங்கள் சுவாமி கடலுக்குப் போனால் பிளேனே நின்றுவிடும் என்று? ஊர்க்காரன் நான் மறந்தேன். கோயில் மணி கேட்டுக் கண் விழிக்கிற நீயும் தெரு அடைப்பதை நினைத்தாய், ஆகாயம் அடைப்பதை நினைக்கவில்லை. ஆறாட்டு என்று இரண்டு பேருமே கடிதத்தில் எழுதிக்கொண்டோமே.

வேறு பிளேன் கிடைக்குமா என்று ஒன்றேகால் மணி வரை கவுன்டர் கவுன்டராக அலைந்துவிட்டுத்தான் உன் நம்பருக்குப் போட்டேன், இங்கே அப்போது இரண்டே முக்கால். எடுக்கவில்லை. ஆஷா நம்பர் என்னிடம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். நீ டாக்டரோடு இருக்கிறாய் என்று நினைத்தேன். பிளேன் ஏறுகிற வரை பதினோரு தடவை.

பத்தரைக்கு வந்து கதவைத் திறந்தேன். டீவி பாடிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. நீ ஏறுகிற ஸ்டூல் அங்கே இருந்தது. மேல் தாழ்ப்பாளைப் போட ஏறினவள் அதை அங்கேயே விட்டுவிட்டாய். எண்பத்து நாலு வயதில் அவளும் அதில் ஏறியிருக்கிறாள். மேஜைமேல் உன் போனில் என் பதினோரு அழைப்பு.

நானும் மஹேஷும் விடியும்வரை தேடினோம். போலீசுக்குக் கொடுக்க போட்டோ வேண்டுமென்று மேஜை டிராயரைத் திறந்தபோது உன் ஆஸ்பத்திரிக் காகிதமும், ஜூலையில் நீ அனுப்பாமல் வைத்த கடிதமும் கிடைத்தன. நின்றபடியே படித்தேன். காலை ஆறு மணிக்கு வள்ளக்கடவுப் பாலத்துக்குப் பக்கத்தில், கால்வாயில் அம்மா கிடைத்தாள். கொடியில் உலர்ந்திருந்த உன் பட்டுப்புடவையைச் சுற்றியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்லவா என்று மஹேஷ் கேட்டார். வேண்டாம் என்றேன். சொன்னால் நீ எழுந்து வந்துவிடுவாய், ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போகும். உன்னை உள்ளே கொண்டுபோன நேரத்தில் நான் தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேளம் கேட்டு எழுந்து போனாளா, என் போன் மணி கேட்டு என்னைத் தேடிப் போனாளா? எனக்குத் தெரியவில்லை, அக்கா. யாருக்குமே தெரியாது.

*

கோட்டை
5.11.2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஆஷா சொன்னாள். மனசு நிம்மதியாயிற்று. என்னிடம் நீ பொய் சொன்னதற்குச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே அம்மா சௌக்கியம். என்னை விரட்டவில்லை. நேற்று ரசம் சாதம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "நன்னா இருக்குடா பிச்சு"ன்னாள். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். நீ கவலைப்படாதே.

எனக்கு இங்கே வந்ததும் சரியான ஜலதோஷம். உனக்குத் தொற்றிவிடும் என்று டாக்டர் வர வேண்டாம் என்கிறார். பன்னிரண்டாம் தேதி தாண்டட்டும், பதின்மூன்றாம் தேதி கட்டாயம் வந்து பார்க்கிறேன். அதுவரை ஆஷா கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

பிச்சுமணி

*

மெடிக்கல் காலேஜ் ரோடு, பெண்கள் வார்டு
8.11.2025

பிச்சுமணி,

ஆசீர்வாதம். மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை. மற்றபடி இருக்கிறேன். உன் கடிதத்தை மூன்று நாளாகத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

நீ நாலாவது வகுப்பிலிருந்து எனக்கு எழுதின ஒவ்வொரு காகிதத்திலும் மேலே பிள்ளையார் சுழி இருக்கும். கடைச் சாமான் ஜாபிதாவில்கூடப் போடுவாய். இதில் இல்லை. சாவு வீட்டில் அதைப் போடக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவள் அம்மாதான். நீ மறக்கவில்லை. உன் கை பொய் சொல்ல மாட்டேன் என்றுவிட்டது.

அம்மா வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்து மூன்று மாதமாகிறது. அவள் உன் ரசத்தைப் புகழ்ந்தாளாம்! ஆஷா என் முகத்தைப் பார்க்காமல் தலை வாரிவிடுகிறாள். அன்று ராத்திரி பத்து மணி வரை நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் ஆஷா வந்து, "அனியன் எத்தி, சேச்சி உறங்ஙிக்கோ" என்றாள். நீ வந்துவிட்டாய், தூங்கு என்று. ஆறேகாலுக்கு வர வேண்டியவன் பத்து மணிக்கு மேல் ஏன் வந்தாய் என்று இங்கே படுத்துக்கொண்டு யோசித்தேன். ஆறாட்டு, ரன்வே. அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்க வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி தாண்டட்டும் என்கிறாய். முப்பத்தொன்றிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டாம் தேதி பதின்மூன்றாம் நாள். ஜலதோஷம் நாள் எண்ணிப் போகாது, தம்பி.

மூவாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டாய். கோட்டையிலிருந்து இங்கே ஏழு கிலோமீட்டர், ஆட்டோவில் இருபத்தைந்து நிமிஷம். உன் தலையை நான் பார்த்துவிடுவேன் என்றுதானே வராமல் இருக்கிறாய்? முடி முளைக்கிற வரை காத்திருக்க வேண்டாம். தீட்டு எனக்கும்தான். மொட்டைத் தலையோடேயே இன்றைக்கு வா. நான் கத்தி அழுது வார்டைக் கூட்ட மாட்டேன், அதற்கு வழியில்லாமல் பண்ணிவிட்டார்கள்.

வந்து என்னை ஒன்றும் சமாதானப்படுத்தாதே. எந்தக் கதவு வழியாகப் போனாள் என்று மட்டும் சொல். கொல்லைக் கதவில் ஸ்டூலை எடுத்து வைத்தேனா இல்லையா என்று எட்டு நாளாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அக்கா